தீவில் ஒரு பகல்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், லட்சத்தீவின் கல்பேனியில் கழித்த ஒரு பகலைப் பற்றி இந்தப் பகுதியில் நான்கு வரி எழுதியிருந்தேன். கரையோரம் நடந்ததும், முகத்தில் கண்ணாடியும் வாயில் மூச்சுக்குழலுமாகப் பவளப்பாறைமேல் மிதந்ததும் (ஆங்கிலத்தில் ஸ்நார்க்கலிங்) அவ்வளவுதான். அந்த நான்கு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. தமிழக-கேரள எல்லை ஊரான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் வந்தவற்றில், பலருக்கும் பொதுவான கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, கொச்சியிலிருந்து கப்பலில் ஐந்து நாள் பயணமாக நாங்கள் நான்கு பேர் லட்சத்தீவு போகிறோம். ஒரு தீவுக்கு ஒரு பகல்தான் கிடைக்கும் என்கிறார்கள். அந்த ஒரு பகலை எப்படித் திட்டமிடுவது? (வாசகி ஒருவர், களியக்காவிளை)

பதில்: அம்மா, உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரிலிருந்து தொடங்குங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. நீங்கள் போகும் நாள் அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ அருகில் இருந்தால், கடல் நன்றாக ஏறி நன்றாக இறங்கும். அஷ்டமியை ஒட்டி இருந்தால் ஏற்றமும் இறக்கமும் குறைவாக இருக்கும். நம் கரையில் வேலியேற்றம், வேலியிறக்கம் என்று சொல்வதைத்தான் கேரளக் கரையிலும் சொல்கிறார்கள்; ஆகவே கப்பல் ஊழியர்களிடமோ தீவுக்காரர்களிடமோ இந்தச் சொற்களாலேயே கேட்டுவிடலாம். முந்தைய நாள் மாலையே "நாளைக்கு வேலியிறக்கம் எத்தனை மணிக்கு?" என்று ஒரு கேள்வி கேட்டு வைத்துக்கொண்டால் பாதித் திட்டம் முடிந்துவிட்டது. ஏற்றத்துக்கும் அடுத்த இறக்கத்துக்கும் இடையே ஏறத்தாழ ஆறு மணி நேரம். ஒவ்வொரு நாளும் அது சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும்.

நீர் இறங்கியிருக்கும் பொழுது கரையில் நடப்பதற்கானது. ஏறி நிறையும் பொழுது நீரில் மிதப்பதற்கானது. இதை மாற்றிச் செய்தால் இரண்டும் கெடும். நான் முதல் தடவை போனபோது எங்களை அழைத்துச் சென்றவர்கள், மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிறது என்பதற்காக, நீர் வற்றிக்கொண்டிருந்த பொழுதில் எங்களைக் கடலில் இறக்கிவிட்டார்கள். பவளத்துக்கும் என் வயிற்றுக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. முழங்கால் இரண்டிலும் கீறல் விழுந்தது. நான் உடைத்த பவளக் கிளைகள் எத்தனையோ, அதை நினைக்கவே கூச்சமாக இருக்கிறது. அதே இடத்தில் மாலை நான்கு மணிக்கு ஆள் மூழ்கும் அளவுக்குத் தெளிந்த நீர் நின்றது. ஆனால் நாங்கள் கப்பலுக்குத் திரும்பும் படகில் இருந்தோம்.

கப்பல் தீவை ஒட்டி வராது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். தீவைச் சுற்றிப் பவளத்திட்டு வேலிபோல நிற்கிறது. அதற்கு உள்ளே இருக்கும் ஆழமில்லாத நீர்ப்பரப்பைத்தான் லகூன் என்கிறார்கள். பெரிய கப்பல் வெளியே நிற்க, சிறு படகுகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு உள்ளே போகும். இறங்க ஒரு மணி, ஏற ஒரு மணி என்று வைத்துக்கொண்டால், உங்களுக்கு மிஞ்சுவது ஆறு ஏழு மணி நேரம். அதில் கடலுக்குள் ஒன்றரை மணி நேரம் போதும். அதற்குமேல் குளிர் ஏறும், கவனம் சிதறும். மிச்ச நேரத்தைக் கரைக்குக் கொடுங்கள். கல்பேனியின் கிழக்குக் கரையில் 1847ஆம் ஆண்டுப் பெரும்புயல் கடலிலிருந்து தூக்கிப் போட்ட பவளக் கற்கள் இன்றும் கரைமேடாகக் கிடக்கின்றன. பாறை என்று நினைத்து அருகில் போய்க் குனிந்து பார்த்தால், கல்லின் உடம்பெங்கும் தேன்கூடுபோலச் சிறு சிறு அறைகள் தெரியும். ஒவ்வோர் அறையும் ஒரு காலத்தில் ஓர் உயிரின் வீடு. சுற்றுலாக் குழுக்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போவதில்லை, நீங்கள் போய்வாருங்கள்.

அனுமதிச் சீட்டு இல்லாமல் எந்தத் தீவிலும் கால் வைக்க இயலாது. அதைப் பயண ஏற்பாட்டின்போதே வாங்கிவிடுங்கள். அக்டோபருக்குப் பிறகு மே மாதத்தின் முற்பாதிவரை போகலாம். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நம் கடலே கலங்கிப்போகும். அந்தக் கடலைக் கேட்கவே வேண்டாம்.

கேள்வி: எனக்கு நீச்சல் தெரியாது. மூக்குக்கண்ணாடியும் அணிகிறேன். என்னைப் போன்றவர்கள் இதற்கு ஆசைப்படலாமா? (ஆசிரியர் ஒருவர், மார்த்தாண்டம்)

பதில்: ஆசைப்படலாம், ஆனால் நீச்சல் தெரிந்தவரைவிட இரு மடங்கு நிதானம் வேண்டும். இது மூழ்கும் வேலை இல்லை. உயிர்காப்பு உடை உங்களை மேலே மிதக்க வைத்திருக்கும். முகம் மட்டும் நீருக்குள் இருக்கும். வாயில் கவ்விய குழலின் மறுமுனை தலைக்கு மேலே காற்றில் நிற்கும். உங்கள் வேலை வாயால் மூச்சு விடுவது ஒன்றுதான். அந்த ஒன்றுதான் முதல் ஐந்து நிமிடம் வராது. மூக்கால் மூச்சுவிட்டே பழகிய உடம்பு, மூக்கைக் கண்ணாடி அடைத்துக்கொண்டதும் பதறிப்போகும். அந்தப் பதற்றத்தைக் கடலில் போய்ச் சந்திக்காமல் வீட்டிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். ஓர் அண்டாவில் நீர் நிரப்பி, கண்ணாடியும் குழலும் மாட்டிக்கொண்டு, முகத்தை அதில் வைத்து மெதுவாக நூறு வரை எண்ணுங்கள். வீட்டார் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நான்கு நாள் செய்தால், கடலில் உங்களுக்கு மூச்சைப் பற்றிய நினைப்பே வராது.

நீரில் போடும் கண்ணாடி, அதாவது மாஸ்க், முகத்துக்குப் பொருந்துகிறதா என்பதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. பட்டையைத் தலையில் மாட்டாமல், கண்ணாடியை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சை இழுங்கள். கையை எடுத்த பிறகும் அது முகத்தோடு ஒட்டி நின்றால் உங்களுக்கானது. விழுந்தால் வேறு கேளுங்கள். பட்டையை இறுக்கினால் நீர் புகாது என்று நினைப்பது தவறு. அதிகம் இறுக்கினால் விளிம்பு மடிந்து அதனாலேயே நீர் புகும். தாங்கள் மீசை வைத்திருப்பவராக இருந்தால் இன்னொரு சங்கடம் இருக்கிறது. கண்ணாடியின் கீழ்விளிம்பு மேலுதட்டில்தான் உட்காருகிறது. அங்கே மயிர் இருந்தால் சொட்டுச் சொட்டாக நீர் ஏறிக்கொண்டே இருக்கும். மூக்குக்கு நேர் கீழே ஒரு கோடு அளவுக்கு மழித்துவிட்டால் போதும், மீசைக்குப் பழுதில்லை. நான் இதைத் தெரிந்துகொள்ள இரண்டு பயணம் ஆயிற்று.

உள்கண்ணாடியில் ஆவி படிந்தால், உமிழ்நீர் தடவிக் கடல்நீரில் ஒரு தரம் அலசிவிட்டுப் போடுங்கள். குழந்தைகளுக்கான ஷாம்பூ ஒரு துளியும் அதே வேலையைச் செய்யும். பார்வைக் குறைவைப் பற்றிக் கவலை வேண்டாம்: நீருக்குள் பொருள்கள் கால் பங்கு அருகிலும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரிவதால், சிறிய அளவு கிட்டப்பார்வை உள்ளவர்கள் மூக்குக்கண்ணாடி இல்லாமலே சமாளித்துவிடுகிறார்கள். பெரிய பவர் உள்ளவர்களுக்குப் பவர் கண்ணாடி பொருத்திய மாஸ்க் விலைக்குக் கிடைக்கிறது. முகம் முழுவதையும் மூடும் புது வகை மாஸ்க்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். விட்ட மூச்சே உள்ளே தங்கிவிடும் வாய்ப்பு அதில் அதிகம்; அவசரத்தில் துப்பிவிட்டு மூச்செடுக்கவும் வழியில்லை.

குழலுக்குள் நீர் புகுந்துவிட்டால், அடுப்பூதும் குழலில் ஊதுவதுபோல 'ஃபூ' என்று ஒரே ஊதாக ஊதுங்கள்; வெளியே போய்விடும். எது நடந்தாலும் காலைக் கீழே ஊன்ற முயலாதீர்கள். மல்லாந்து படுத்துவிடுங்கள், உயிர்காப்பு உடை தாங்கிக்கொள்ளும். தனியாக ஒருபோதும் இறங்காதீர்கள். இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நீரில் கிடக்கும்போது கை கால்களிலிருந்து இரத்தம் நெஞ்சுப் பக்கம் தள்ளப்படுவதால் இதயத்துக்கு வேலை கூடுகிறது.

கேள்வி: சுறா பிடிக்க எங்கள் ஊர்ப் படகுகள் போகும் கடல் அது. என் தந்தையும் பல வருடம் போனவர். "அங்கே பார்க்க என்னடா இருக்கு, தண்ணிதான்" என்கிறார். மேலே மிதந்தபடி அப்படி என்னதான் பார்க்க முடியும்? (வாசகர் ஒருவர், தூத்தூர்)

பதில்: உங்கள் தந்தை பார்த்தது பவளத்திட்டுக்கு வெளியே இருக்கும் ஆழக்கடல். அங்கே அவர் சொல்வதுதான் சரி. அவருடைய அனுபவத்துக்கு முன்னால் என் ஒரு பகல் எம்மாத்திரம்? ஆனால் திட்டுக்கு உட்பக்கம் இரண்டு ஆள் ஆழத்துக்குள் நடப்பது வேறு உலகம்.

முதலில் காதைக் கொடுங்கள். முகத்தை நீருக்குள் வைத்ததும், யாரோ பக்கத்தில் இருந்து முறுக்கு கடிப்பதுபோல 'கறுக் கறுக்' என்று ஓர் ஓசை கேட்கும். அது கிளிமீன் பவளத்தைச் சுரண்டும் ஓசை. நம் சந்தையிலும் கேரளச் சந்தையிலும் கிளிமீன் என்று விற்கும் சின்ன இளஞ்சிவப்பு மீனை நினைத்துக்கொள்ளாதீர்கள், அது வேறு. இது பச்சையும் நீலமுமாக இருப்பது. பற்கள் ஒன்றாக இணைந்து கிளியின் அலகுபோலவே ஆகிவிட்டது. பாறைமேல் படர்ந்த பாசிக்காகக் கல்லோடு சேர்த்துக் கடித்து, தொண்டையில் அரைத்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெள்ளை மணலாக வெளியே விடுகிறது. அந்த மணல் புகைபோல நீரில் கரைந்து இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு பெரிய கிளிமீன் ஓர் ஆண்டில் நூற்றுக்கணக்கான கிலோ மணலை இப்படி ஆக்கிவிடும். நீங்கள் துண்டு விரித்துப் படுக்கும் அந்த வெள்ளைக் கரையில் கணிசமான பங்கு இதன் வயிற்றின் வழியாக வந்தது என்று சொன்னால், உடன் வரும் பிள்ளைகள் துள்ளி எழுந்துவிடுவார்கள். என் தங்கை மகன் எழுந்தான்.

அடுத்தது கடற்சாமந்தி. பூவைப்போல விரல்களை ஆட்டிக்கொண்டிருக்கும் இந்த உயிர், அந்த விரல்களால் கொட்டி மீன்களைப் பிடித்துத் தின்பது. ஆனால் அந்த விரல்களுக்கு நடுவிலேயே ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் குடியிருக்கும். அதன் மேலுள்ள வழவழப்பு அதைக் காக்கிறது. ஒரே சாமந்தியில் நான்கைந்து இருந்தால், பெரியதைக் கவனியுங்கள். அது ஒன்றுதான் பெண். அது செத்துப்போனால், அடுத்த பெரிய ஆண் பெண்ணாக மாறி வீட்டுப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். நான் கொஞ்சம் கிட்டப் போனபோது, விரல் நீளம்கூட இல்லாத அந்தப் பெண், நேரே என் கண்ணாடியில் வந்து இரண்டு தரம் இடித்தது. நான்தான் பின்வாங்கினேன்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. விளம்பரப் படங்களில் வரும் சிவப்பும் ஊதாவுமான பவளக்காட்டை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நீர் சிவப்பு நிறத்தைத்தான் முதலில் விழுங்கும். சில மீட்டர் ஆழத்திலேயே எல்லாம் நீலமும் பழுப்புமாகத் தெரியும். அதைவிட வருத்தமானது, 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடானதால் லட்சத்தீவுப் பவளங்கள் பெருமளவில் வெளுத்துப்போய், பல இடங்களில் செத்தன. பவளத்துக்கு நிறமும் பெரும்பகுதி உணவும் தருவது அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசி. வழக்கமான கோடை வெப்பத்தைவிட ஒரு பாகை (டிகிரி செல்சியஸ்) கூடி அது சில வாரம் நீடித்தாலே பவளம் அந்தப் பாசியை இழந்துவிடுகிறது. சாம்பல் நிறத்தில் நொறுங்கிக் கிடக்கும் பரப்பை நீங்கள் பார்ப்பீர்கள். அதன் நடுவே உள்ளங்கை அளவில் புதிதாக முளைத்திருக்கும் பவளத்தையும் பார்ப்பீர்கள்.

கேள்வி: கரையில் கிடக்கும் சங்கு, சோழி, செத்த பவளத் துண்டு ஆகியவற்றை நினைவுக்காக எடுத்து வரலாம் அல்லவா? (கல்லூரி மாணவி, பாறசாலை)

பதில்: வேண்டாம். பவளம் செத்ததானாலும் துண்டானாலும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. பெருஞ்சிப்பி, சில பெரிய சங்கு வகைகள், கடல் அட்டை ஆகியவையும் அப்படியே. எந்தச் சங்கு பட்டியலில் உள்ளது, எது இல்லை என்று திரும்பும் வழியில் பையைத் திறந்து சோதிப்பவரோடு வாதாடி நிற்பதைவிட, எதையும் எடுக்காமல் வருவது எளிது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வெற்றுச் சங்கு என்று நாம் நினைப்பதற்கு ஆள் காத்திருக்கிறது. துறவி நண்டுக்குப் பின்னுடலில் ஓடு இல்லை; வளர வளரப் பெரிய சங்காகத் தேடிக் குடி மாற வேண்டும். மணலில் கிடந்த ஒரு சங்கைச் சுற்றி ஒரு நண்டு கால் மணி நேரம் அளந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன்: வாயில் காலை விட்டுப் பார்க்கிறது, உருட்டிப் பார்க்கிறது, கடைசியில் ஒரு நொடியில் பழைய வீட்டிலிருந்து புதிய வீட்டுக்குத் தாவி, உடனே மீண்டும் பழையதற்கே திரும்பிவிட்டது. வாடகை வீடு பார்த்து அலைந்தவர்களுக்கு அந்த முகம் புரியும். இன்னொன்று: கூம்பு வடிவத்தில் அழகான கோலம் போட்ட சங்கைக் கையிலேயே எடுக்காதீர்கள். உள்ளே உயிர் இருந்தால் நஞ்சு தோய்ந்த ஊசியால் குத்தும். சில இனங்களின் குத்து ஆளைக் கொல்லக்கூடியது.

கேள்வி: லட்சத்தீவா, அந்தமானா? இராமேசுவரம் பக்கமே பவளத்தீவுகள் இருக்கும்போது ஏன் இவ்வளவு தூரம் போக வேண்டும்? (வாசகர் ஒருவர், கொழிஞ்சாம்பாறை)

பதில்: இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடிவரை உள்ள 21 தீவுகளும் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா, நினைத்தபடி படகு பிடித்துப் போய் இறங்கிவிட முடியாது. அந்தமானில் ஹேவ்லாக், இப்போது சுவராஜ் தீவு, அதன் எலிபண்ட் கடற்கரையில் புதியவர்களுக்கு ஏற்பாடுகள் நன்றாக உள்ளன. தமிழ் பேசுவோரும் அந்தமானில் ஏராளம். இந்தியர்களுக்கு லட்சத்தீவுபோல முன்அனுமதித் தொல்லை இல்லை. ஆனால் பாலக்காட்டு மாவட்டத்தில் இருக்கும் உங்களுக்குக் கொச்சித் துறைமுகம் சில மணி நேரப் பயணம்தானே? கூட்டமும் லட்சத்தீவில் குறைவு. நான் லட்சத்தீவின் பக்கம்.

கேள்வி: கடலில் ஏதாவது குத்தினாலோ கொட்டினாலோ என்ன செய்வது? (வாசகி ஒருவர், செங்கோட்டை)

பதில்: பெரும்பாலான குத்துகள் காலை ஊன்றுவதால் வருபவை. கடல் முள்ளெலியின் முள், மணலில் புதைந்திருக்கும் திருக்கையின் வால், கல்லோடு கல்லாகக் கிடக்கும் கல்மீன் என எல்லாம் காலடியில்தான் காத்திருக்கின்றன. கெட்டியான அடியுள்ள ரப்பர் செருப்பு அணிந்து, ஆழமில்லாத மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடந்தால் திருக்கை அதிர்வு உணர்ந்து ஓடிவிடும். கல்மீனோ திருக்கையோ குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டில், சுமார் 45 பாகை வெந்நீரில், அந்த இடத்தை அரை மணிக்குமேல் வைத்திருங்கள், வலி தணியும். அதோடு நிற்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சொறி எனப்படும் இழுது மீன் பட்டால், மணல் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். ஒட்டியிருப்பதைக் கடல்நீரால் கழுவி விலக்குங்கள்.

கேள்வி: பெண்கள் என்ன உடுத்திக்கொண்டு இறங்குவது? சுடிதார் போதாதா? (வாசகி ஒருவர், கொல்லங்கோடு)

பதில்: துப்பட்டாவும் தொளதொளப்பான சுடிதாரும் வேண்டாம். நீரில் நனைந்த துணி காலைச் சுற்றும். மிதக்கும் துப்பட்டா பவளக் கிளையில் சிக்கும். கையை மணிக்கட்டுவரை மூடும், உடம்போடு ஒட்டிய லைக்ரா மேற்சட்டையும் முழுநீளக் காற்சட்டையும்தான் எல்லா வகையிலும் நல்லது. ஆண்களுக்கும் அதையே சொல்வேன். குப்புறக் கிடந்து மீன் பார்க்கும்போது முதுகு வெயிலில் வேகுவது தெரியாது, இரவில்தான் தெரியும். உடம்பை மூடிக்கொண்டால் வெயில் கிரீமும் அதிகம் தேவைப்படாது. பவளத்துக்குக் கெடுதல் என்று ஹவாய், பலாவு போன்ற இடங்களில் சில கிரீம்களையே தடை செய்துவிட்டார்கள். தீவில் இருப்பவர்கள் பெரும்பாலும் இசுலாமியக் குடும்பங்கள். ஊருக்குள் நடக்கும்போது மேலே ஒரு துண்டோ சட்டையோ போட்டுக்கொள்வது மரியாதை. அவர்கள் பேசும் ஜெசரி, மலையாளத்தின் ஒரு வழக்கு, நம் காதுக்குப் பாதி புரியும்; மினிக்காய்த் தீவில் மட்டும் மஹல் என்ற வேறு மொழி பேசுகிறார்கள், ஒரு சொல்லும் பிடிபடாது.

கேள்வி: நம் குமரிக் கடலிலேயே இதைச் செய்ய முடியாதா? இதற்குத் தமிழில் என்ன பெயர்? (வாசகர் ஒருவர், குளச்சல்)

பதில்: நம் கரைக்கு வேலிபோலப் பவளத்திட்டு இல்லை, அலை நேரே வந்து அடித்து மணலைக் கலக்கிக்கொண்டே இருக்கிறது. தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறை ஆறும், பூவாறில் நெய்யாறும் கொண்டுவந்து சேர்க்கும் கலங்கல் வேறு. கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டமும் உண்டு. ஆகவே முகத்தை நீரில் வைத்தால் பெரும்பாலான நாள் நம் கையே நமக்குத் தெரியாது. கச்சான் என்கிற மேல்காற்று அடங்கி நீர் தெளியும் சில வாரங்களில் பாறைக்கூட்டம் உள்ள இடங்களில் பார்க்க நிறைய இருக்கிறது. ஆனால் அது பழகியவர்களின் இடம்.

பெயரைக் கேட்டீர்கள். 'ஸ்நார்க்கல்' என்ற சொல் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் காற்றுக்குழாய்ப் பெயரிலிருந்து வந்தது. 'மூச்சுக்குழல் நீச்சல்' என்று எழுதுகிறார்கள். எழுதலாம், வாயில் வராது. முத்துக்குளித்தல், சங்கு குளித்தல் என்று நம்மிடம் இருக்கும் 'குளித்தல்' நீரில் மூழ்குவதைக் குறிப்பது. இதிலோ மூழ்குவதே இல்லை. உங்கள் ஊரில் பாறையிலிருந்து சிப்பி எடுப்பவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். குழலும் இல்லாமல், ஒரு கண்ணாடியும் இடுப்பில் ஒரு வலைப்பையுமாக இறங்குகிற அவர்கள், மூழ்குவதற்கு முன் மேலே கிடந்து பாறையைப் பார்த்துக்கொள்ளும் அந்தச் சில நொடிக்கு ஏதாவது சொல் வைத்திருப்பார்கள். கிடைத்தால் எனக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள். அடுத்த இதழில் அச்சிடுகிறேன்.